தோட்ட வேலை செய்வோர் கவனத்திற்கு

1

செய்தியின் முதல் பத்தியிலேயே யார், எங்கே, என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும்; வாசகனைக் காக்க வைக்கக் கூடாது. மதுரையில் ஒரு நாளிதழின் மேசையில் ஒன்பது ஆண்டுகள் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவின் கெடா மாநிலம், சுங்கை பட்டாணி நகரம், பாக்கார் ஆராங் குடியிருப்பு. என் பக்கத்து வீட்டு மருமகள் கவிதாவுக்கு இது ஆறாம் மாதம்; முதல் பிள்ளை. அவள் உடம்பில் ஓர் ஒட்டுண்ணி நுழைந்திருக்கிறது. அது வயிற்றுப் பிள்ளையிடம் போனதா, போயிருந்தால் என்ன செய்தது என்பதுதான் இரண்டு மாதங்களாக எங்கள் இரண்டு வீடுகளின் கேள்வி. அது அவளிடம் வந்து சேர நான் எழுதிய ஒரு சொல் காரணமாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் எழுத முடியும். அரைவேக்காட்டு இறைச்சியில் வந்திருக்கலாம். கழுவாத கீரையில் வந்திருக்கலாம். எப்படி வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. ஆனால் ஒரு செய்தியாளன் தன் பெயர் அடிபடும் இடத்தில் 'இருக்கலாம்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து இருபத்தாறு ஆண்டுகள். ஆண்டுக்கு ஒருமுறை, வந்து இறங்கிய நாளை ஒட்டி, ஊரில் இருப்பவர்களுக்காக ஏதாவது எழுதுவது வழக்கம். மழை, அரசியல், மகளின் படிப்பு என்று போகும். இந்த ஆண்டு வேறு எதையும் எழுத வரவில்லை.

2

என் மனைவி லலிதா இந்த மாநிலத்தில் பிறந்தவள். திருமணப் பேச்சின்போது அவள் அப்பா தொலைபேசியில் சொன்னார்: "நாங்க தோட்டத்துல பொறந்து வளந்தவங்க தம்பி." எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். எங்கள் கரிசல் காட்டில் தோட்டம் என்றால் கிணறும் பாசனமும் உள்ள நிலம். பெண் வீட்டார் வசதியானவர்கள் என்று என் அம்மாவிடம் சொன்னேன். வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. இங்கே தோட்டம் என்றால் ரப்பர் தோட்டம், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். கம்பெனிக்குச் சொந்தமான ஆயிரக்கணக்கான ஏக்கர். என் மாமனார் முப்பது ஆண்டுகள் விடியலில் எழுந்து அதில் ரப்பர் பாலுக்காக மரம் சீவியவர். தோட்டம் என்ற சொல்லில் பூச்செடி இல்லை, கிணறும் இல்லை. அதில் இருந்தது வேலை.

இப்படி நிறையச் சொற்கள். "பசியாறியாச்சா?" என்று கேட்டால் காலை உணவு ஆயிற்றா என்று பொருள். "தண்ணி கலக்கட்டா?" என்றால் தேநீரோ காப்பியோ. மூன்றே ஆண்டுகளில் என் பேச்சு மாறிவிட்டது. சந்தையில் யாரும் என்னை "இந்தியாவிலேருந்து வந்தீங்களா?" என்று கேட்பதில்லை. குடிநுழைவு அலுவலகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ஒருமுறை என் கடப்பிதழைப் பார்த்துவிட்டு என்னை மறுபடி நிமிர்ந்து பார்த்தார். நான் பேசிய மலாய் அவருக்கு இந்தியக் கடப்பிதழோடு பொருந்தவில்லை. எத்தனையோ படிவங்களை நிரப்பியிருக்கிறேன். தாய்மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று எழுதுவேன். எந்த ஊர்த் தமிழ் என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

வாய் இந்த ஊருக்கு வந்துவிட்டது. கை மதுரையிலேயே இருந்துவிட்டது. இது எனக்கு இந்த ஆண்டுதான் தெரிந்தது.

3

எங்கள் ஒரே மகள் தர்ஷினி பினாங்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். பாலத்தைத் தாண்டினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கில் சனியும் ஞாயிறும். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள் அம்மாவுக்கும் அவளுக்கும் பொதுவான நாள் சனிக்கிழமை ஒன்றுதான். அதிலும் பாதி அவள் கணினிக்குப் போய்விடும்.

ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவள் கணினித் திரையில் ஒரு படம் இருந்தது. கறுப்புப் பின்னணியில் பச்சையாக ஒளிரும் பிறை.

"நிலாவா?" என்றேன்.

"டோக்ஸோபிளாஸ்மாப்பா. ஒரே செல்லு. அதுவே முழு ஆளு."

அதன் உடம்பை அவள் எனக்கு விளக்கினாள். வெளியே மெல்லிய சவ்வு. அதற்கு அடியில் தட்டையான பைகள், ஓடு வேய்ந்தது போல. அந்தப் பைகளுக்கும் அடியில் புரத இழைகளால் பின்னிய ஒரு வலை. அந்த வலைதான் அதற்கு எலும்பு. பிறை வடிவத்தைக் கொடுப்பது அது. அல்வியோலின்கள் என்று அந்தப் புரதக் குடும்பத்துக்குப் பெயர். மலேரியா கிருமியிலும் உண்டு, கடலைச் சிவப்பாக்கும் சில நுண்ணுயிர்களிலும் உண்டு. மனிதனிடம் இல்லை. அதனால்தான் ஆய்வு செய்கிறார்கள்: நம்மிடம் இல்லாத ஒன்றைக் குறிவைக்கும் மருந்து நம்மைத் தொடாது.

"சவ்வடிப் புரத வலை என்று எழுதலாம்," என்றேன். பழைய புத்தி.

"சவ்வா? சவ்வரிசிப் பாயாசமாப்பா அது?" சிரித்தாள். மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழை உதடசைத்துத்தான் படிப்பாள்.

"அந்த வலையை எடுத்துவிட்டால்?"

"ஷேப் போயிடும். உருண்டையாயிடும். நகர முடியாது, உள்ள நுழைய முடியாது. ஷேப்தான்பா அதுக்கு எல்லாம்."

அது பெருகும் விதத்தையும் காட்டினாள். நடுவில் பிளந்து இரண்டாவதில்லை. தாயின் உடம்புக்குள்ளேயே இரண்டு சிறிய வலைக்கூடைகள் முதலில் பின்னப்படுகின்றன. தாயிடம் உள்ளதெல்லாம் ஒவ்வொன்றாக அந்தக் கூடைகளுக்குள் போகிறது. வெளியே வரும்போது கூடைகள் இளசாக இருக்கும். வந்த பிறகுதான் இறுகும்.

"தாய்?"

"தாய் இல்லப்பா. அதோட வலையக் கலைச்சிடுவாங்க. தோல மட்டும் ரெண்டு பிள்ளைங்களும் பங்கு போட்டுப் போத்திக்குவாங்க," என்று சொல்லிவிட்டு அவள் அப்பளத்தை உடைத்தாள்.

பெருமையாக இருந்தது.

4

அந்த ஆய்வுக்கூடத்தார் மக்களுக்காகத் துண்டறிக்கை ஒன்று தயாரித்திருந்தார்கள். பூனையின் குடலில் மட்டுமே இந்த உயிரி முட்டை போன்ற உறைகளை உண்டாக்குகிறது. அவை பூனையின் கழிவோடு மண்ணில் விழுந்து மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். விரலில் ஒட்டி வாய்க்குப் போகும். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. கழுத்தில் நெறிகட்டி மறையும், அல்லது அதுவும் இல்லை. கர்ப்பிணிக்கு முதல் தடவையாகத் தொற்றினால் மட்டும் பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் போகக்கூடும்.

மலாயில் இருந்ததை ஒரு கோயில் சங்கத்தின் மருத்துவ முகாமுக்காகத் தமிழில் கேட்டார்கள். தர்ஷினி என்னிடம் கொடுத்தாள். அவள் என்னிடம் ஓர் உதவி கேட்டு வெகு நாளாகியிருந்தது. அன்றே முடித்தேன்.

மலாய் மூலத்தில் ஓரிடத்தில் 'பெர்க்கெபூன்' என்று இருந்தது. செடி வளர்ப்பது, மண் கிளறுவது என்று பொருள். நான் எழுதியது இது:

'தோட்ட வேலை செய்வோர் கவனத்திற்கு: தோட்ட வேலை செய்யும் கர்ப்பிணிகள் கட்டாயம் கையுறை அணிய வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.'

மூன்று முறை மெய்ப்புப் பார்த்தேன். ஒற்றுப்பிழை இல்லை. சுருக்கமான வாக்கியங்கள். லலிதாவிடம் காட்டவில்லை. தமிழில் நான் எழுதியதை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்று இந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

5

கவிதா ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறாள். அவள் கணவன் முரளி லாரி ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமைகளில் தஞ்சோங் டாவாய்க்குப் போய்ப் படகிலிருந்து இறங்கும் மீனை வாங்கி வந்து வீட்டின் பின் சந்தில் வைத்து வெட்டுவான். தலைக்கும் குடலுக்கும் அந்த வரிசையின் பூனைகள் எல்லாம் வரும். அதே சந்தில்தான் கவிதாவின் மண்சட்டிகள்: கறிவேப்பிலை, மிளகாய், சோற்றில் வாசனைக்குப் போடும் பண்டான் இலை, எலுமிச்சைப்புல். மசக்கை நாட்களில் அவள் அங்கேயே குந்தியிருந்தாள்.

"ஈர மண்ண மோந்து பாத்தா வாந்தி நிக்குது அங்கிள்," என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

நான்காம் மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், பண்டான் இலை கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். தொண்டையில் ஏதோ கட்டி போல இருப்பதாகச் சொன்னாள்.

"சளிதான்லா. வலிக்கல."

தர்ஷினி எழுந்துபோய் அவள் தாடைக்குக் கீழும் கழுத்தின் பின்புறமும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கையை எடுக்காமலேயே கேட்டாள்.

"கவிக்கா, செடிக்கெல்லாம் நீங்கதான் மண்ணு போடுறீங்களா? கையிலயா?"

"பின்ன கால்லயா?"

"கோயில்ல பேப்பர் குடுத்தாங்களே, படிக்கலையா?"

"படிச்சேனே. அங்கிள் எழுதுனதாச்சே, ரெண்டு வாட்டி படிச்சேன். தோட்ட வேலை செய்யிறவங்க கிளவ்ஸ் போடணும்னு இருந்துச்சு. நான் ஃபேக்டரிலதானே வேல செய்யிறேன்? எங்கம்மாதான் தோட்டத்துல இருந்தாங்க. அவங்களுக்குப் போன் போட்டுப் படிச்சுக் காட்டினேன். நீ வயித்துல இருக்கிறப்போ அஞ்சு மாசம் வரைக்கும் மரம் சீவினேன்டி, ஒரு துணிகூட குடுக்கலேன்னு சிரிச்சாங்க."

தர்ஷினிக்குப் புரியவில்லை. அவள் மலாய் மூலத்தை நினைத்துக்கொண்டு நின்றாள். லலிதாவுக்குப் புரிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மேசையின் மேல் இருந்த பண்டான் இலைகளைப் பார்த்தேன். வேரோடு பிடுங்கியிருந்தாள். வேரில் மண் இருந்தது.

6

ரத்தப் பரிசோதனையில் புதிய தொற்றின் அடையாளம் இருந்தது. இந்த நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் அரசு கிளினிக்கில் ஓர் இளஞ்சிவப்புப் புத்தகம் தருவார்கள். அதில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், நிற வில்லை ஒட்டுவார். வெள்ளை என்றால் கவலை இல்லை. பச்சை என்றால் கண்காணிப்பு கூடும். மஞ்சள் என்றால் நிபுணரிடம் போக வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. கவிதாவின் புத்தகத்தில் வெள்ளை போய் மஞ்சள் வந்தது.

அவள் மாமியார் சரோஜாம்மா அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். முகம் நிறைந்திருந்தது.

"பாத்தீங்களாண்ணே, மிஸ்ஸி மஞ்ச கலர் ஒட்டியிருக்கா. மொதல்ல வெள்ளையா இருந்துச்சு, எனக்கு மனசே ஒப்பல. வயித்துப் பிள்ளக்காரிக்கு வெள்ளையையா ஒட்டுவாங்க? இப்பதான் மங்களகரமா இருக்கு."

அவருக்குப் பின்னால் கவிதா நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மிக லேசாக அசைத்தாள். சொல்ல வேண்டாம் என்று.

சரோஜாம்மா புத்தகத்தோடு தன் வீட்டுப் பூஜை அறைக்குப் போன பிறகு கவிதாவிடம் சொன்னேன். தோட்டம் என்ற சொல் எங்கள் ஊரில் என்ன, இங்கே என்ன, நான் எங்கே தவறினேன் என்று ஒழுங்காக, வரிசையாகச் சொன்னேன். ஓர் அறிக்கை போல இருந்திருக்கும்.

"அங்கிள், நாளு பூரா கிளவ்ஸ்ல காத்தடைச்சு ஓட்ட இருக்கான்னு பாக்குறேன்," என்றாள் கடைசியில். "ஒரு ஜோடி பையில வச்சேன்னா கேட்டுல செக்யூரிட்டி புடிச்சிருவான். இப்ப நெனச்சா சிரிப்பு வருது." சிரிக்கவில்லை. "அன்னிக்கு மலாய்லயும் பேப்பர் குடுத்தாங்க. எனக்கு மலாய்தான் சுலபம். நீங்க எழுதுனதுன்னுதான் தமிழ்ல எடுத்தேன்."

அதற்கு மேல் அவள் என்னைக் குறை சொல்லவே இல்லை. மாத்திரை தொடங்கியது. அவள் சட்டிகளை முரளி மறுநாளே எடுத்துப்போய்விட்டான். பூனைகள் இன்னும் வருகின்றன.

7

மதுரையில் ஒருமுறை, காலரா பயம் இருந்த நாட்களில், மாநகராட்சி அறிவிப்பு ஒன்றை நான் திருத்தினேன். 'குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கவும்' என்பதில் பத்தியைச் சுருக்கும்போது 'காய்ச்சி' விழுந்துவிட்டது. குடிநீரைக் குடிக்கவும் என்று அச்சாகி ஊர் முழுவதும் போனது. மறுநாள் அதே பக்கத்தில் கட்டம் கட்டித் திருத்தம் வெளியிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அப்போது நிம்மதியடைந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையா, அல்லது ஆனவர்கள் எங்களுக்கு எழுதிச் சொல்லவில்லையா என்று இப்போது யோசிக்கிறேன்.

இங்கே திருத்தம் போடப் பக்கம் இல்லை. கோயில் சங்கத்தின் செயலாளரைப் பார்த்தேன். நல்ல மனிதர்.

"எழுத்துப் பிழையா சார், கருத்துப் பிழையா? கருத்துப் பிழைன்னா கமிட்டியில வைக்கணும். அடுத்த மாசம்தான் கூட்டம்."

"ரெண்டும் இல்ல. ஊர்ப் பிழை," என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். கூட்டம் வரை காத்திருக்க என்னால் முடியவில்லை. 'வீட்டில் பூச்சட்டி, கறிவேப்பிலை, எந்தச் செடியின் மண்ணைத் தொட்டாலும்' என்று சிறு ஒட்டுத்தாள்கள் அச்சடித்து, துண்டறிக்கை போனதாகத் தெரிந்த இடங்களுக்கெல்லாம் லலிதாவோடு காரில் போய் மேலே ஒட்டினேன். கடைசியாக யான் என்ற ஊர்ப் பக்கம் போனோம். ஒரு பக்கம் ஜெராய் மலை, மறுபக்கம் கடல்வரை வயல். அங்கே ஒரு சிறிய கோயிலில் என் துண்டறிக்கைகள் கட்டுப் பிரிக்கப்படாமல் இருந்தன.

"யாரும் எடுக்கலையா?" என்று அங்கே கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"எடுத்துப் பாத்தோம் சார். எங்க ஊர்ல ஏது தோட்டம், எல்லாம் வயலுதானே? இது தோட்டத்து ஆளுங்களுக்குள்ளதுன்னு வச்சிட்டோம்." பிறகு கேட்டாள்: "ஏன் சார், எங்களுக்கும் உள்ளதா?"

அவளுக்கு ஐந்து மாதம் இருக்கும். கோலப்பொடிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பதிலுக்காக நின்றாள். சொன்னேன். எத்தனை கோயில்களுக்கு அந்தக் கட்டு போனது என்று செயலாளருக்குச் சரியாகத் தெரியாது. எத்தனை பேர் படித்துவிட்டு, நமக்கில்லை என்று மடித்து வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

8

ஐந்தாம் மாதத்தில் மருத்துவமனையில் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த நாட்களில் தர்ஷினி சனிக்கிழமை மட்டும் என்றில்லாமல் வேலை நாட்களிலும் அழைத்துப் பேசினாள். ஆய்வைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் நானே கேட்டேன், எப்படிப் போகிறது என்று.

"பச்சையா தெரியிது இல்லப்பா, அத இப்ப பாக்கவே புடிக்கல," என்றாள். "இளசா, ரொம்ப அழகா பின்னிக்குது."

முடிவு நேற்று வந்தது. கவிதா, முரளி, சரோஜாம்மா மூவரும் மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். அங்கேயே ஸ்கேனும் எடுத்திருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு அவர்கள் கார் வந்து நின்றது. முரளி இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். சரோஜாம்மா நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். கவிதா அவருக்குப் பின்னால்.

"அண்ணே, டாக்டரு மலாய்ல பாதி இங்கிலீஷ்ல பாதின்னு என்னமோ பேசினாரு. எனக்குக் கடையில பேசுற பாசார் மலாய்தான் தெரியும். இவளக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா. அவன் காடிக்குள்ளேயே அழுவுறான். என்னா எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்கண்ணே."

தாளை நீட்டினார். நான் கவிதாவைப் பார்த்தேன்.

"நீங்களே சொல்லுங்க அங்கிள்," என்றாள். "எனக்குத் தமிழ்ல வரல."

இரண்டே வரிகள்தான் முக்கியம். நீரில் ஒட்டுண்ணியின் மரபுத் தடயம் இருக்கிறது. சிசுவின் மூளையில் உள்ள நீரறைகள் அளவுக்குச் சற்று மேல் விரிந்திருக்கின்றன. மருந்து மாற்றம். இரண்டு வாரத்தில் மறு ஸ்கேன்.

மூளைநீர் அறை விரிவு. நீர்க்கோப்பு. சிசுத் தொற்று. நாளிதழ் மேசையில் கற்ற சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றும் பிழையற்ற சொல். சரோஜாம்மா என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரோஜாம்மா, கவிதா ஒடம்புல இருந்த கிருமி பிள்ளகிட்டயும் போயிருச்சு," என்றேன். "பிள்ள தலைக்குள்ள தண்ணி கூடியிருக்கு."

"எவ்வளவு கூடியிருக்கு?"

"கொஞ்சம். இப்பக் கொஞ்சம்."

"மருந்து குடுத்தா வத்திருமா?"

"தெரியாது. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி அளப்பாங்க."

"அப்ப மஞ்ச வில்லைன்னா..." என்று தொடங்கியவர், மருமகளைத் திரும்பிப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எத்தனை நாளாக எல்லோருக்கும் தெரியும் என்பது அந்த ஒரு பார்வையில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

கவிதா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டென்று அவள் முகம் மாறியது.

"அத்தே, உதைக்குது," என்றாள்.

சரோஜாம்மாவின் கை நீண்டது, பாதியில் நின்றது. கவிதா அந்தக் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். அடுத்த உதைக்காக மூவரும் நின்றோம். வெகு நேரமாயிற்று.